வெள்ளிக்கிழமைக்கு முன்னால் படித்துவிடு

மதுரை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மல்லி,

திட்டாதே. ஏழு மாதமாக உன் போனை எடுக்காதவள் திடீரென்று பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்றுதான் நினைப்பாய். உனக்கு வெள்ளிக்கிழமை எச்.எஸ்.ஜி., அதுதான் கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற எக்ஸ்ரே டெஸ்ட், என்று நம் லீடரம்மா நேற்று சொன்னாள். அவளிடம் சொன்னால் தினத்தந்தியில் போட்ட மாதிரி, அது மட்டும் இன்னும் மாறவில்லை. போனில் பேசலாம் என்றால் ஹாலில் அத்தை டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு அந்த டெஸ்ட் ஜனவரியிலேயே எடுத்துவிட்டார்கள். உன்னிடம் சொல்லவில்லை. ‘விசேஷம் உண்டா’ என்று ஒரு தடவைகூடக் கேட்காதவள் நீ ஒருத்திதான், உன்னிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. நீயும் இதே வரிசையில் நிற்கிறாய் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ரிசப்ஷனில் இருந்த பெண் என்னிடம் சொன்னது: ‘ஒண்ணுமில்லைக்கா, எறும்பு கடிச்ச மாதிரி, ரெண்டு நிமிஷம்.’ எந்த ஊர் எறும்போ! மாத்திரை போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வலியைவிட, வலிக்காது என்று சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. மேஜையில் படுத்திருக்கும்போது, எல்லாருக்கும் எறும்புக்கடிதான், நமக்குத்தான் தாங்கத் தெரியவில்லை போல என்று வெட்கப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன் பார், அந்த வெட்கம் உனக்கு வேண்டாம்.

அதனால் கேள். தீட்டு நின்றபிறகு, கருமுட்டை வெளிவருவதற்கு முன்னால் எடுப்பார்கள், பெரும்பாலும் ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள். முதல் நாள் என்பது நன்றாகப் படத் தொடங்கிய நாள், லேசாகக் கறை தெரிந்த நாள் இல்லை. தீட்டு வந்ததிலிருந்து டெஸ்ட் முடியும்வரை சேரக் கூடாது. இதைச் சொல்லும்போது எங்கள் டாக்டர் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் சுவரிலிருந்த கேலண்டரிடம் சொன்னார். அப்புறம் வலி மாத்திரை. ஹாஸ்டலில் ஒரு அட்டையை ஆறு பேர் பங்கு போட்டுக்கொள்வோமே, அந்த மெஃப்டால் மாதிரி ஒன்றுதான். ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் முன்னால் போடலாமா என்று நாளைக்கே டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடு, உனக்கு அல்சர் தொந்தரவு இருந்ததைச் சொல்லாமல் விடாதே. முன்னே எப்போதாவது சி.டி. ஸ்கேனுக்கு ஊசி போட்டு உடம்பு தடித்திருந்தாலும் சொல், இதிலும் எக்ஸ்ரேயில் தெரிவதற்காக ஏற்றுவது அயோடின் மருந்துதான். கர்ப்பப்பை, கருக்குழாய்ப் பக்கம் முன்பு இன்ஃபெக்‌ஷன் வந்திருந்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். பச்சை கவுன், முதுகில் ஒரு நாடா இருக்கும் ஒன்று இருக்காது. எக்ஸ்ரே மேஜை ஐஸ் மாதிரி. முதலில் ஸ்பெகுலம் என்று விரித்துப் பிடிக்கிற ஒரு கருவி, அப்புறம் கர்ப்பப்பை வாய் வழியாக ஒரு மெல்லிய குழாய், அது வழியே மருந்தை ஏற்றுவார்கள். அந்தக் குழாய் உள்ளே போகும்போதும், மருந்து நிரம்பும்போதும்தான் வலி. தீட்டு வலியை மூன்றால் பெருக்கி அடிவயிற்றில் ஒரே இடத்தில் வைத்த மாதிரி எனக்கு இருந்தது, மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். எல்லாருக்கும் இப்படி இல்லை, என் நாத்தனார் முடித்த கையோடு ஜவுளிக்கடைக்குப் போனாள். அடைப்பு இருந்தால் கூடுதலாக வலிக்குமாம்.

என்னைக் காப்பாற்றியது ஒரு வயதான நர்ஸம்மா. தலைமாட்டில் வந்து நின்று, என் விரலைப் பிடித்துக்கொண்டு, ‘இன்னிக்கு என்ன சமையல்?’ என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. வத்தக்குழம்பு என்றேன். ‘சுண்டக்காயா, மணத்தக்காளியா? எண்ணெயிலே வறுத்தியா, அப்படியே போட்டியா?’ புளியைக் கரைத்து விடுகிற இடத்துக்கு வந்தபோது முடிந்துவிட்டது. மூச்சை இழுத்துப் பிடிக்காதே, வாய் வழியாக மெதுவாக விடு, கால் விரலை ஆட்டு என்றும் சொன்னார்கள். தாங்க முடியாவிட்டால் ‘கொஞ்சம் நிறுத்துங்க’ என்று சொல்லலாம், மெதுவாக ஏற்றுவார்கள். எனக்கு அதைச் சொல்லலாம் என்றே தெரியாது.

முடிந்ததும் நம் ஸ்போர்ட்ஸ் டே நினைப்பில் துள்ளி எழுந்துவிடாதே. நான் எழுந்தேன், கண் இருட்டி, அந்த நர்ஸம்மா தோளிலேயே சாய்ந்தேன். பத்து நிமிடம் படுத்திரு. பேட் எடுத்துப் போ, பிசுபிசுவென்று மருந்து வெளியே வரும், ஓரிரு நாள் கறையும் படும். காய்ச்சல், நாற்றம், வலி குறையாமல் கூடுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போடு, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காதே.

இதில் இவர் கதையைக் கேள். திருக்கருகாவூர் நெய்யை இரண்டு பேரும் 48 நாள் சாப்பிட வேண்டும் என்று அத்தை கொண்டுவந்து வைத்தார்கள். ஒருநாள் விடாமல், ஸ்பூனையும் நக்கிச் சாப்பிட்டார். ஒரு டப்பாவில் விந்து கொடுத்துவிட்டு வர மட்டும் பதினோரு வாரம் ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. ஒரு ஊசி இல்லை, ஒரு குழாய் இல்லை, இரண்டு மூன்று நாள் சேராமல் இருந்துவிட்டுப் போனால் போதும்! முதலில் எடுக்கவேண்டிய டெஸ்டே அதுதானே. ரிசல்ட் நார்மல் என்று வந்ததும் வீட்டில் கேசரி கிண்டினார்கள், மல்லி. சத்தியமாக. நான்தான் முந்திரி வறுத்தேன். உன் வீட்டு அண்ணன் அந்த டெஸ்டை முடித்துவிட்டாரா? முடிக்கவில்லை என்றால் வெள்ளிக்கிழமையைத் தள்ளிப் போடு, நான் சொன்னேன் என்று சொல்.

சரி, என் ரிசல்ட்டுக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். நடுவில் வெள்ளையாக ஒரு முக்கோணம், வலது பக்கம் நூல் மாதிரி ஒரு கோடு போய், நுனியில் சாம்பிராணிப் புகை போலக் கலைந்தது. அது நல்லதாம், அந்தப் பக்கக் கருக்குழாய் திறந்திருக்கிறது. இடது பக்கம் ஒன்றும் போகவில்லை. வலியில் குழாய் சுருங்கிக்கொண்டாலும் அடைப்பு மாதிரியே தெரியும், அதனால் இப்போதே முடிவு கட்ட வேண்டாம் என்றார் டாக்டர். அப்புறம் பேனாவை மூடிக்கொண்டே, சின்ன வயதில் டிபி வந்ததா என்று கேட்டார்.

ஏழாம் வகுப்பு நினைவிருக்கிறதா? மெஸ்ஸில் என் தட்டைத் தனியாக வைத்தார்கள். ஆறு மாதம் தினமும் காலையில் நீதான் மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி, சிவப்பாக மூத்திரம் போகிறது என்று நான் அழுததற்கு, ‘ரோஸ்மில்க்தான்டி’ என்று சிரித்தாய். நம் ஊர்ப்பக்கம் குழாய் அடைப்புக்கு டிபி பெரிய காரணமாம். நுரையீரலில் வந்தது சத்தமில்லாமல் அங்கேயும் போய் உட்காருமாம். கர்ப்பப்பைச் சதையில் கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். எட்டு மாதமாக நான் போகவில்லை. அத்தையிடம் டிபி என்ற வார்த்தையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, இவரிடமும் இன்னும் சொல்லவில்லை. எக்ஸ்ரே கவர் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது, பட்டுப்புடவை எடுக்கும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் போடுகிறது.

வியாழன் ராத்திரி ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏறுகிறேன். அண்ணன் வெளியே உட்காரட்டும், உள்ளே விடுவார்களா என்று கேட்டு நான் தலைமாட்டில் நிற்கிறேன். உனக்குச் சமைக்கத் தெரியாததால் வத்தக்குழம்பு கேட்டுப் பயனில்லை, ஆறாம் வாய்ப்பாடு கேட்பேன். கவரையும் கையோடு எடுத்து வருகிறேன், நீ பார். சனிக்கிழமை எனக்கும் ஒரு போன் செய்ய வேண்டும், அப்போது நீ பக்கத்தில் உட்கார வேண்டும்.

தோசை மாவு அரைத்து வை.

உன்,
ஒட்டடைக்குச்சி