ஜெர்மனியில், கொலோனில் இருக்கும் தோழிக்கு

மதுரை,
16.11.2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அதற்குள் நீ இரண்டு தடவை போனில் கூப்பிட்டுவிட்டாய். நானும் மழை, மூட்டுவலி, தங்கம் விலை என்று ஏதேதோ பேசி வைத்துவிட்டேன். நீ எழுதியிருந்ததற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று காலைப் பூசை முடிந்து வந்து, சமையலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பையன் கோர்ட்டுக்குப் போய், முப்பது யூரோ கட்டி, இனி நான் கத்தோலிக்கத் திருச்சபையில் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று ராத்திரி ஒன்றும் நடக்காதது போல உன் கையால் ரசம் சாதம் வாங்கிச் சாப்பிட்டான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். அவன் ஞானஸ்நானத்துக்கு மதுரையில் தைத்து அனுப்பிய வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. கை கொஞ்சம் நீளமாகிவிட்டது என்று நீ மடித்துப் போட்டிருந்தாய்.

வரி மிச்சம் பிடிக்கத்தான் போகிறார்கள் என்று உங்கள் ஊரில் சிலர் சொல்வதாக எழுதியிருந்தாய். சபையில் இருக்கும்வரை வருமான வரியில் நூற்றுக்கு 9 பங்கு கோயில் வரி என்றால் சின்னப் பணம் இல்லைதான். ஆனால் 2022-இல் மட்டும் ஜெர்மனியில் 5,22,821 பேர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு வெளியேறினார்கள். அத்தனை பேரும் பணத்துக்காகப் போனார்கள் என்றால் என் மனம் ஒப்பவில்லை. 2018-இல் உங்கள் ஆயர்களே வெளியிட்ட ஆய்வில் சாமியார்களின் பாலியல் கொடுமையால் 3,677 சிறுவர் சிறுமியர் பாதிக்கப்பட்டதாக எண்ணிச் சொன்னார்கள். உன் மகன் அதைத்தானே மேசை மேல் வைத்து, "இதை மூடி மறைத்தவர்களுக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்று கேட்டான்? நீ அழுதாய் என்று எழுதியிருக்கிறாய். நானாக இருந்தாலும் அழுதிருப்பேன். ஆனால் அவன் கேட்டது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

"கடவுளே வேண்டாம் என்கிற ஊரில் எப்படிச் சாட்சியாக வாழ்வது, அங்கே சாமியார்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். புதுத் திருத்தந்தை லியோ தேர்வான மறுநாள், மே 9-ஆம் தேதி, சிஸ்டைன் ஆலயத்தில் ஆற்றிய முதல் மறையுரையை, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் வாசித்தார்கள். லியோ என்றால் நம் பாட்டிமார்களுக்குச் சிங்கராயர்தானே, எங்கள் கிழவிகள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். விசுவாசம் என்பது அபத்தம், அது பலவீனர்களுக்கும் அறிவு குறைந்தவர்களுக்கும் உரியது என்று நினைக்கிற இடங்கள் நிறைய உண்டு, அங்கேதான் நம் பணி அவசரமாகத் தேவைப்படுகிறது என்றார். அதே மறையுரையின் முடிவில் இன்னொன்றும் சொன்னார். திருச்சபையில் அதிகாரத்தில் இருப்பவர் கிறிஸ்து தெரியும்படி தான் சிறியவராகி மறைந்துபோக வேண்டும் என்று. கூட்டத்தில் எல்லோரும் முதல் பாதியைத்தான் பேசினார்கள். எனக்கு இரண்டாவது பாதிதான் மனதில் நின்றது. அதற்குக் காரணம் ஒரு படுக்கைப்புண்.

அடுத்த தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கிறார். பெரியார் கட்சிக்காரர். பக்கவாதத்தில் விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஜூன் மாதம் அவருடைய மருமகள் வந்து கூப்பிட்டாள். போய்த் திருப்பிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண், ஓரமெல்லாம் கறுத்து, அறைக்குள் நுழையும்போதே வாடை. உனக்குத் தெரியும், அந்த வாடையை நர்சுகளான நாம் மூக்கால் அறிய மாட்டோம், வயிற்றால் அறிவோம். டாக்டரை வரவழைத்துக் கறுத்த சதையை எடுக்க வைத்தேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நான்தான் டிரெஸ்ஸிங். சலைன் விட்டுக் கழுவி, காஸ் வைத்து, பக்கம் மாற்றிப் படுக்க வைத்துவிட்டு வருவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பவேண்டும் என்று மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பாவம், ராத்திரியும் அலாரம் வைத்து எழுகிறாள்.

முதல் நாளே அவர் சொன்னார்: "சிஸ்டர், சாமி பேச்சு மட்டும் வேண்டாம்." சரி சார் என்றேன். அஞ்சு மாதத்தில் ஒரு நாளும் நானாகப் பேசவில்லை. ஒரு நாள் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். நல்ல மனுஷர். போகும்போது, "நீங்க சாமி இல்லைன்னு சொன்னாலும் உள்ளுக்குள்ள நல்ல கிறிஸ்தவர்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியாருக்கு வந்ததே கோபம்! வாய் கோணியிருந்தாலும் வார்த்தை தெளிவாக வந்தது. "நான் நல்லவனா இருந்தா அது என் நல்லதனம். அதை உங்க கணக்குல வரவு வைக்காதீங்க" என்றார். நானும் எத்தனை பேரிடம் அதே வார்த்தையை அன்பாக நினைத்துச் சொல்லியிருக்கிறேன்! இனிமேல் சொல்ல மாட்டேன். அதனால்தான் உனக்கும் எழுதுகிறேன். பையன் வியாழன்தோறும் வீடில்லாதவர்களுக்குச் சூப் ஊற்றப் போகிறான் என்றாயே, "பார், உன்னை அறியாமல் நீ கிறிஸ்தவன்தான்" என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே. அது அவனைப் பாராட்டுவது ஆகாது.

அப்புறம் ஒரு ஞாயிறு நான் போக ஏழு மணி ஆகிவிட்டது. ஏன் லேட் என்றார். அன்பியக் கூட்டம் என்றேன். என்ன பேசினீர்கள் என்று அவரே கேட்டார். திருத்தந்தை சொன்னதைச் சொன்னேன், சாட்சிய வாழ்வைப் பற்றிப் பேசினோம் என்றேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தேன். "சிஸ்டர், உங்க சொந்த ஊர்க் கல்லறையில சுவர் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது. உனக்கு அந்தச் சுவர் தெரியும். நர்சிங் படிக்கும்போது லீவுக்கு என்னோடு எங்கள் ஊருக்கு வந்தாயே, அதன் மேல் உட்கார்ந்துதான் புளியங்காய் தின்றோம். இடுப்பு உயரம் இருக்கும், சுண்ணாம்பு அடித்தது. இந்தப் பக்கம் எங்கள் சாதி ஆட்கள், அந்தப் பக்கம் அவர்கள், தலித்துகள். ஒரே கோயில், ஒரே நற்கருணை, இரண்டு வாசல் கல்லறை. அதை நான் சுவர் என்றே நினைத்ததில்லை. ஊரில் கிணறு இருப்பது போல, புளியமரம் இருப்பது போல, அதுவும் ஒன்று இருந்தது. அவ்வளவுதான்.

வாத்தியார் சரித்திரம் படித்தவர். தத்துவ போதகர் என்ற ராபர்ட் டி நொபிலி சாமியாரைப் பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருந்தது. 1606-இல் இத்தாலியிலிருந்து மதுரைக்கு வந்து, காவி கட்டி, புலால் விட்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, இந்த ஊர் மனிதரை அவர்கள் மொழியிலேயே சந்தித்தவர். அவர் முறையை 1623-இல் ரோமாபுரியே ஏற்றுக்கொண்டது. அவர்மேல் எனக்கு உள்ள மரியாதை குறையவில்லை. நம்மைத் தாழ்வாகப் பார்க்காமல், கற்றுக்கொள்ள வந்தவர். ஆனால் உயர்ந்த சாதிக்காரர் விலகிப் போய்விடக் கூடாதே என்று அன்று தனித்தனியாகப் பிரித்து வைத்தது, நானூறு வருஷம் கழித்து எங்கள் ஊரில் சுண்ணாம்புச் சுவராக நிற்கிறது. ஓரியூருக்கு எத்தனை தடவை போயிருப்போம்! அங்கே அருளானந்தர், அதுதான் ஜான் டி பிரிட்டோ சாமியார், 1693-இல் எதற்காகத் தலை கொடுத்தார்? தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் பெற்றதும், ஒரு மனைவியோடு மட்டும் வாழவேண்டும் என்று அவரிடம் சொன்னார், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். (அந்தப் பெண்ணின் கதி என்ன ஆனது என்று சின்ன வயதில் நான் யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்கிறேன்.) பெரிய மனுஷர் என்பதற்காக அருளானந்தர் சட்டத்தைத் தளர்த்தவில்லை. நம் ஊர்களில் மட்டும் பெரிய மனுஷர் மனம் கோணக் கூடாது என்று எவ்வளவு தளர்த்திவிட்டோம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பழைய பத்திரிகைக் கட்டை எடுத்துத் தேடினேன். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003 நவம்பர் 17-ஆம் தேதி தமிழ்நாட்டு ஆயர்களிடம் பேசியது கிடைத்தது. மதுரை மறைமாநில ஆயர்களும் அதில் இருந்தார்கள். கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தால்கூட அது உண்மையான மனித ஒற்றுமைக்கு எதிரான அடையாளம், நற்செய்திப் பணிக்குப் பெரிய தடை என்று சொல்லியிருக்கிறார். எதிர் அடையாளம்! நாம் சாட்சி என்று எதைச் சொல்கிறோமோ, அதற்கு நேர் எதிராக நிற்கும் சாட்சி. இருபத்திரண்டு வருஷம் முன்னால் நம் முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல். அதைக் கத்தரித்து வைத்ததும் நான்தான், மறந்துபோனதும் நான்தான்.

1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. உரிமை மறுக்கப்படுகிறது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கொடுத்ததை நமக்குக் கொடுக்கவில்லை. அதற்காகப் பேராயர்கள் டெல்லி வரை போய்க் கேட்கிறார்கள். முழுக்க நியாயமான கோரிக்கை, நானும் பேரணியில் நடந்திருக்கிறேன். ஆனால் மதம் மாறினாலும் சாதிக்கொடுமை தீரவில்லை என்று டெல்லியில் நாம் சொல்லும்போது, அந்தக் கொடுமையைச் செய்கிறவர்கள் யார் என்று எவனாவது கேட்டால் என் ஊர்ச் சுவரைத்தான் காட்டவேண்டும்.

உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் வித்தியாசம் உண்டு. இங்கே கடவுள் இல்லை என்பவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு நானும் எதிர்வீட்டு அக்காவும் சேர்ந்துதான் கூட்டத்தில் நிற்கிறோம், மாதா கெபிக்கு அவர்கள்தான் முதல் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அரசாங்கம் எந்த மதத்தையும் சாராது என்பதுதான் இங்கே மதச்சார்பின்மை, மனிதர்கள் சாமியை விட்டுவிட்டார்கள் என்பது இல்லை. ஆனால் வெளியே நின்று நம்மைப் பார்க்கிறவன் கேட்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். நீங்கள் பலிபீடத்தில் சொல்வது உங்களுக்குள்ளாவது நடக்கிறதா? உன் மகனும் எங்கள் வாத்தியாரும் அதைத்தான் கேட்டார்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-லேயே எழுதிவிட்டாரே, இந்தக் காலத்து மனிதன் போதகர்களைவிடச் சாட்சிகளுக்குத்தான் செவி கொடுக்கிறான் என்று.

இந்த வருஷம் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாட்டுத்தாவணியில் செவ்வந்தி மாலை வாங்கிக்கொண்டு மதியம் பஸ் ஏறினேன். அப்பா, அம்மா கல்லறைக்கு மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபித்தோம். காற்றுக்கு அணையாமல் இருக்க வழக்கம்போல மண்ணைக் குழித்து உள்ளே வைத்தோம். சாமியார் எங்கள் பக்கம் மந்திரித்து முடித்து, ரோட்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். நான் மிச்சமிருந்த ஒரு மாலையையும் நாலு வர்த்திகளையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். எங்கள் அம்மாவுக்கு ஐந்து பிரசவமும் பார்த்த மருத்துவச்சி அந்தப் பக்கம்தான் படுத்திருக்கிறாள். என்னை முதலில் கையில் ஏந்தியவள் அவள். அறுபத்தைந்து வயதில்தான் முதல்முறையாக அவள் தலைமாட்டில் போய் நிற்கிறேன். சிமெண்டு கூடக் கிடையாது, மண்மேடும் ஒரு மரச் சிலுவையும்தான்.

பேத்தி போலிருக்கிறது, முப்பது வயதுப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "வழி மாறி வந்துட்டீங்களா அத்தை?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "இல்லம்மா, இங்கதான் வந்தேன்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள். இரண்டு குச்சி அணைந்துபோய் மூன்றாவதில்தான் பற்றியது, அவள் இரண்டு கையையும் குவித்து மறைத்துக்கொண்டாள்.

தம்பி அன்று என்னோடு பேசவில்லை. பஸ் ஏற்றிவிடவும் வரவில்லை. மறுநாள் போனில், "ஊருக்குள்ள நாங்கதானே இருக்கணும், நீ மதுரையில இருந்துக்குவ" என்றான். அதில் உண்மை இருக்கிறது, அவனுக்கு அங்கே பெண் கொடுத்து எடுக்கவேண்டும். அது தெரிந்தும், சுவரை எடுத்துவிடுங்கள் என்று பங்குப் பேரவைக்கு மனு எழுதியிருக்கிறேன். கீழே ஒரே கையெழுத்துதான், என்னுடையது. அடுத்த ஞாயிறு நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமாகவும் இருக்கிறது. எனக்காக ஒரு ஜெபமாலை சொல்.

கிறிஸ்துமஸுக்குப் பையன் வந்தால் நள்ளிரவுப் பூசைக்குக் கூப்பிடு, ஒரே ஒரு தடவை. வரவில்லை என்றால் நீ போய்விட்டு வா, அவனுக்குப் பிடித்த அதிரசத்தை எடுத்து வைத்துவிட்டுப் போ. அந்த 3,677 பிள்ளைகளுக்காக நீ அழுவதை அவன் ஒரு தடவை பார்க்கட்டும். அவன் கோர்ட்டுக்குப் போனதற்காக அழுததை மட்டும்தான் இதுவரை பார்த்திருக்கிறான்.

அப்புறம், உங்கள் முதியோர் இல்லத்தில் படுக்கைப்புண்ணுக்குப் போடுகிற அந்த ஃபோம் டிரெஸ்ஸிங், யாராவது ஊருக்கு வந்தால் ஒரு பெட்டி கொடுத்துவிடு. இங்கே கிடைக்கிறது, ஆனால் விலை அவர்களுக்குக் கட்டாது. புண் இப்போது ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிட்டது, அடியில் சிவப்பாகச் சதை வளர்கிறது. கல்லறை விஷயத்தை வாத்தியாரிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, மனுவை எடுத்து வா, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன் என்றார். மணி ஐந்தே முக்கால் ஆகிவிட்டது, கிளம்புகிறேன்.

உன் பழைய அறைத்தோழி