மலை ரயில் ரத்தானால்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குக் கோவையில் வேலை உறுதியாகிவிட்டது. தை பிறந்ததும் வீடு பார்க்க வேண்டும். உன் மூட்டு வலி குறைந்திருப்பது கேட்டு நிம்மதி.

படகு சவாரியையும் ரோஜாத் தோட்டத்தையும் பேரப்பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, மேட்டுப்பாளையத்தில் ஊட்டி மலை ரயில் ரத்தாகி, பஸ்ஸில் நெருக்கியடித்து ஏறி, குன்னூரில் மழைக்கு ஒதுங்கி வர்க்கி தின்றதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அது ஏன் என்றும், ஐப்பசியில் மறுபடி கிளம்பினால் புத்திகெட்ட வேலையா என்றும் கேட்டாய். தாராளமாகப் போ. ஆனால் ரயில் ஓடாது என்பதையும் திட்டத்திலேயே சேர்த்துக்கொண்டு போ.

ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பாதைக்கு இது வருஷா வருஷம் நடப்பதுதான். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,203. 46 கிலோமீட்டருக்குள் அவ்வளவு ஏறுகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரைதான் கடும் ஏற்றம். 12 அடி போனால் ஓரடி உயரும். பாறையைக் குடைந்தும் சரிவை வெட்டியும் 1899-ல் திறந்த பாதை அது. வடகிழக்குப் பருவமழையில் மேல்மண் ஊறிப் பாறையை விட்டுக் கழன்றுகொண்டால், மரமும் கல்லும் சேர்ந்து தண்டவாளத்தில் வந்து உட்காரும். நடுவே பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினாயா? ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் பக்கத்துப் பட்டையில் பள்ளம் இருக்கும்படி மாற்றி மாற்றி வைத்திருப்பார்கள். எந்த நொடியிலும் எஞ்சினின் பல்சக்கரம் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடியே இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பட்டையில் ஒரு கல் சிக்கினாலும் வண்டி நகரக் கூடாது. பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் வெளியே நின்றுகொண்டு வருகிற ரயில் இது. இவ்வளவு ஜாக்கிரதையாக ஓட்டுகிறவர்கள் இன்றைக்கு வண்டி கிடையாது என்றால் அதில் நமக்கு வருத்தமே கூடாது.

காசு விஷயம் முதலில். ரயில்வேயே வண்டியை ரத்து செய்தால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானாகவே கணக்குக்கு வரும். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், அவசரப்பட்டு நீயே கேன்சலும் செய்துவிடாதே. கவுண்டரில் எடுத்ததென்றால், வண்டி கிளம்ப வேண்டிய நேரத்திலிருந்து 3 நாளுக்குள் டிக்கெட்டைக் கவுண்டரில் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வேறு எந்த ரயிலானாலும் நீ ஏறும் ஸ்டேஷனுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீ போகவில்லை என்று முடிவெடுத்தால் முழுப்பணமும் உண்டு. ஆனால் அந்த வண்டி உன் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புமுன் டி.டி.ஆர். என்கிற, பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிந்தாக வேண்டும். பிளாட்பாரத்தில் கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வண்டி எங்கே வருகிறது என்று 139-ல் கேட்கலாம்.

ஊட்டி ரயில் காலை 7.10-க்கு. இல்லை என்று தெரிந்த உடனே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடு, பக்கம்தான். அரை மணி தயங்கினால் அதே ரயிலுக்கு வந்த கூட்டம் முழுவதும் உனக்கு முன்னால் வரிசையில் நிற்கும். குன்னூர் வழி பஸ் நிரம்பி வழிந்தால் கோத்தகிரி வழியாக ஏறு. அந்தப் பாதையும் அழகு. வாடகைக் கார் பேசுவதென்றால் இ-பாஸ் கேட்பார்கள். 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளி வண்டிகளுக்கு அது கட்டாயம். செலவில்லை, போனிலேயே எடுத்துவிடலாம், ஆனால் டிரைவர் எடுத்திருக்கிறாரா என்று ஏறுமுன் கேள். அரசு பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கைப்பையில் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், எலுமிச்சை சாதமோ புளியோதரையோ ஒரு வேளைக்கு, ஒரு மாற்றுத் துண்டு, சில்லறையாக 500 ரூபாய், பிள்ளைகளின் ஸ்வெட்டர். ஸ்வெட்டர் பெட்டியில் போகக் கூடாது. கீழிருந்து மேலே போவதற்குள் 11, 12 டிகிரி குறைந்துவிடும்; நனைந்த பிள்ளை நடுங்கும்போது பெட்டி பஸ்ஸின் பின்னால் பூட்டிக் கிடக்கும். ரயில் ஓடினாலும் இதே பை வேண்டும். நடுவழியில் கல் விழுந்து நின்றால் கடை கிடையாது, போனும் சரியாக எடுக்காது, ரயில் பெட்டியில் கழிப்பறையும் இல்லை. வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எல்லோரும் இறங்கிப் போய்வந்துவிடுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டபடி இறங்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்.

சின்னவனுக்கு வளைவில் வாந்தி வருமென்று எழுதியிருந்தாய். காது சொல்லும் அசைவும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகாததால் வருவது அது. முன் இருக்கையில் உட்காரவைத்து எதிரே ரோட்டைப் பார்க்கச் சொல், போனைக் கொடுக்காதே. வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதானால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே கொடு, வளைவு தொடங்கிய பிறகு கொடுத்துப் பிரயோசனமில்லை.

இனி நீ கேட்ட ‘ஏன்’. 1993-ல் டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதற்கு மேலும் 30 விநாடி, ஆனால் அந்தக் கடைசி அரை நிமிஷத்தில் தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு வரும். மறுபடி எதைச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதையே கேட்டார்கள். மொத்த அவஸ்தை அதில்தான் அதிகம், ஆனாலும் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. மனசு நேரத்தைக் கூட்டிக் கணக்குப் பார்ப்பதில்லை, உச்சத்தையும் முடிவையும்தான் வைத்துக்கொள்கிறது. உன் பிள்ளைகளுக்கு அன்றைய முடிவு சூடான வர்க்கி. அதே நாள் பட்டினியோடு, அறை கிடைக்காமல் முடிந்திருந்தால் அது இன்றைக்குக் கசப்பாகத்தான் இருந்திருக்கும். அதனால் சொல்கிறேன், ரயில் டிக்கெட்டைவிட முக்கியம் அன்றிரவு தங்குமிடம். எவ்வளவு நேரமானாலும் வருவோம் என்று முன்னதாகவே சொல்லி வை. வெந்நீர் எத்தனை மணி வரை வரும், ராத்திரி ரசம் சாதமாவது கிடைக்குமா என்று கேட்டு வை.

இன்னொன்று, இதை நீ எழுதவில்லை, ஆனால் நான் நம்புகிறேன். அன்றைக்கு உங்கள் வீட்டில் யாரும் யாரையும் ‘உன்னாலதான்’ என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். பர்ஸ் தொலைந்தது, மழையில் நனைந்தது எல்லாம் நாளடைவில் கதையாகிவிடும். பிளாட்பாரத்தில் பிள்ளைகள் முன்னால் வாங்கிய திட்டு ஆகாது. காய்ச்சலும் கைக்குழந்தையுமாக மாட்டிக்கொண்டவர்களிடம் போய் ‘பின்னால நினைச்சுச் சிரிப்பீங்க’ என்று சொல்வதும் எனக்குப் பிடிக்காது. எல்லா இடைஞ்சலும் அப்படி மாறிவிடாது, சரோஜா. உடம்பு தாங்கும் அளவில், கூட இருப்பவர் முகம் கோணாமல் கடந்தது மட்டும்தான் மாறும்.

ஒருவேளை மேட்டுப்பாளையத்திலேயே அரை நாள் நிற்க வேண்டி வந்தால், ஸ்டேஷனிலேயே மலை ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பவானிக் கரையில் வனபத்ரகாளியம்மன் கோயிலும் தூரமில்லை. மழை நாளில் ஆற்றில் மட்டும் யாரையும் இறங்க விடாதே, அணையில் தண்ணீர் திறந்தால் சட்டென்று ஏறிவிடும்.

திரும்பி வந்ததும் பெரியவளிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, நடந்ததை அவள் வார்த்தையிலேயே எழுதச் சொல். எந்த ஊர், எத்தனை மணி, என்ன சாப்பிட்டோம் என்பது உட்பட. சொல்லச் சொல்லக் கதை வளரும், மணியும் ஊரும் மறந்துபோகும்.

முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. நாள் முடிவானதும் எழுது. கோத்தகிரி பஸ் நேரத்தை விசாரித்து அனுப்புகிறேன். அண்ணாவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி.

அன்புடன்,
விசாலம்