முதலில் எங்களைக் கூப்பிடுங்கள்: பள்ளி நிர்வாகத்துக்கு ஓர் அம்மாவின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் தலைமையாசிரியை அவர்களுக்கும்,

வணக்கம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனை மிரட்ட நீங்கள் போலீஸைக் கூப்பிட்ட விஷயமாக இரண்டு தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், பதில் வரவில்லை. அன்றைக்கு என்ன நடந்தது என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. பள்ளியின் பெயரையும் பிள்ளையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வேறு பள்ளிகளிலும் இப்படி நடக்கிறது என்று மற்ற பெற்றோர் சொல்லக் கேட்ட பிறகுதான், எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் மகன் செய்தது தப்பு. காம்பஸ் பாக்ஸைத் தூக்கி எறிந்தான். பக்கத்து பெஞ்சுப் பையனுக்குப் புருவத்துக்கு மேலே இரண்டு தையல். அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்தப் பையனின் அம்மா இவனையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அடுத்த வாரமே இரண்டு பேரும் சேர்ந்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வீட்டோடு எங்களுக்கு ஒரு மனக்கசப்பும் இல்லை. எனக்கு ஆறாமல் இருப்பது உங்கள் அறையில் நடந்தது.

காவல் நிலையத்துக்கு நீங்கள் போன் செய்தது 11.15 மணிக்கு. எனக்குப் போன் வந்தது 12 மணிக்கு. நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து பள்ளிக்கு வர பத்து நிமிடம் போதும். நான் வந்தபோது அவன் உங்கள் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம். அவர் அதட்டவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். “பேர் நோட்டுல ஏறிடுச்சு. இன்னொரு தடவை செஞ்சா வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்” என்றார், அவ்வளவுதான். “சும்மா ஒரு பயம் இருக்கட்டும்னுதான் கூப்பிட்டோம்மா” என்று நீங்களும் சொன்னீர்கள்.

அந்தப் பயம் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

என் மகன் தன் பெயரை எழுதுவதை நிறுத்திவிட்டான். முதலில் எனக்கு அது பிடிபடவில்லை. புது நோட்டுகளுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டிக் கொடுத்தேன். வகுப்பு எழுதினான், பிரிவு எழுதினான், பாடம் எழுதினான். பெயர் என்ற கோடு மட்டும் காலி. மறந்துவிட்டான் என்று நானே எழுதினேன். அப்புறம் வாரத் தேர்வுத் தாள் வந்தது. மேலே சிவப்பு மையில் ‘பெயர் எங்கே?’ என்று எழுதி அரை மதிப்பெண் குறைத்திருந்தார்கள். அடுத்த தாளும் அப்படியே. மூன்றாவது தாளில் எழுதியிருக்கிறான், ஆனால் எழுதியதை அழித்து அழித்து அந்த இடத்தில் காகிதமே கிழிந்துபோயிருந்தது. அன்று ராத்திரி பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். வெகுநேரம் வாயே திறக்கவில்லை. கடைசியில் சொன்னான்: “அந்த நோட்டுல இருக்கற பேரும் இந்தப் பேரும் ஒண்ணுன்னு கண்டுபிடிச்சிடுவாங்கம்மா.”

நாலு வயதில் பெயர் எழுதப் பழகியபோது கண்ட இடத்திலெல்லாம் எழுதி வைத்தவன் இவன். எங்கள் வீட்டு பீரோவின் பக்கவாட்டில் அந்தக் கோணல் எழுத்து இன்னும் இருக்கிறது. அழிக்க மனசு வராமல் விட்டுவைத்திருந்தோம். போன வாரம் நான் வேலை முடிந்து வரும்போது, ஈரத்துணியும் கையுமாக அதற்கு முன்னால் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தான். பாதி போய்விட்டது.

இதனால்தான் கேட்கிறேன். சின்னப் பிள்ளைகள் அடித்துக்கொண்டாலும், எறிந்தாலும், பொருளை எடுத்துவிட்டாலும், கெட்ட வார்த்தை பேசினாலும், முதலில் பெற்றோரைக் கூப்பிடுங்கள். போலீஸைக் கூப்பிடாதீர்கள்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க ராத்திரி உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். ஏழு வயது நிரம்பாத குழந்தை எதைச் செய்தாலும் அது குற்றமே ஆகாது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, தான் செய்வது என்ன, அதனால் என்ன ஆகும் என்று புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இல்லையென்றால், அதுவும் குற்றம் ஆகாது. 1860-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்திலேயே இது இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவும் 20, 21 பிரிவுகளில் இதை அப்படியே வைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகளுக்கென்று பயிற்சி பெற்ற குழந்தை நல காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. அந்த அலுவலர்கூடக் குழந்தையிடம் சீருடையில் வரக்கூடாது, சாதாரண உடையில்தான் வர வேண்டும் என்று அந்தச் சட்டத்துக்காக 2016-இல் வந்த மாதிரி விதிகள் சொல்கின்றன. காக்கிச் சட்டையைப் பார்த்தாலே பிள்ளை மிரண்டுவிடும் என்று யோசித்து யாரோ அந்த வரியை எழுதியிருக்கிறார்கள். பிள்ளை மிரள வேண்டும் என்பதற்காகவே நீங்கள் அந்தச் சட்டையை வரவழைத்தீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளியில் அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனதளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. அன்றைக்கு என் பிள்ளைக்கு நடந்ததை வேறு எந்தப் பெயரால் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான், அதனால்தான் அங்கே ஒழுக்கம் இருக்கிறது என்று எழுதினார். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் 2019-இல் ஆறு வயதுச் சிறுமியைப் பள்ளியிலேயே கையைக் கட்டி போலீஸ் வண்டியில் ஏற்றிப் போனார்கள். அந்தப் போலீஸ்காரரை வேலையை விட்டே நீக்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, கொடிய வன்முறைக் குற்றம் தவிர வேறு எதற்கும் ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையைக் கைது செய்யக்கூடாது என்று சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. அவர்கள் வெட்கப்பட்டுத் திருத்திக்கொண்டதை நாம் ஏன் இங்கே புதிதாக ஆரம்பிக்க வேண்டும்? பக்கத்தில் இலங்கையில் குற்றப் பொறுப்புக்கான வயதை எட்டிலிருந்து பன்னிரண்டாக 2018-இல் உயர்த்தினார்கள்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். பள்ளிகள் கட்டாயம் போலீஸுக்குச் சொல்ல வேண்டிய சமயம் ஒன்று உண்டு. பெரியவர் ஒருவர் குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டார் என்று தெரியவந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அதுவே குற்றம். ஆனால் அப்படி ஒரு புகார் வரும்போது எத்தனை நிர்வாகங்கள் பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று நாள் கணக்கில் இழுத்தடித்திருக்கின்றன! பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! பெரியவர்கள் விஷயத்தில் இவ்வளவு தயங்கும் கை, எட்டு வயதுப் பையன் பாக்ஸை எறிந்தால் மட்டும் அரை மணி நேரத்தில் போனை எடுத்துவிடுகிறதே. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நாளைக்கு என் பிள்ளை வழி தவறி எங்கேயாவது நின்றால், எதிரே வரும் போலீஸ்காரரிடம் போய் உதவி கேட்பானா? ஓடி ஒளிந்துகொள்வான். வீட்டில் நாங்களும் இதற்குக் காரணம்தான். சோறு ஊட்டும்போது, போலீஸ் மாமாவிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று நானே அவனிடம் சொல்லியிருக்கிறேன். இனி சொல்ல மாட்டேன்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். ஆசிரியர்களின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. அன்று வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகள், ஒருவன் முகத்தில் ரத்தம், இன்னொருவன் கத்திக்கொண்டிருக்கிறான். வகுப்பாசிரியை தனியாக என்ன செய்வார்? அவருக்குத் துணைக்கு ஓர் ஆள் இல்லை, பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேச ஓர் உளவியல் ஆலோசகர் இல்லை. இருந்திருந்தால் போலீஸ் ஞாபகமே உங்களுக்கு வந்திருக்காது. என் மகன் ஏன் எறிந்தான் என்று இன்றுவரை பள்ளியில் ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் நடத்தைக்காகக் காவல் நிலையத்துக்குப் போன் செய்ய மாட்டோம், முதலில் பெற்றோரைத்தான் அழைப்போம் என்று ஒரு சுற்றறிக்கை எழுதி எங்களுக்குக் கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றாலோ, வெளியாள் யாராவது உள்ளே நுழைந்துவிட்டாலோ, பிள்ளை காணாமல் போய்விட்டாலோ தாராளமாகக் கூப்பிடுங்கள், நாங்களும் கூடவே நிற்போம். வழி தெரியாத நேரத்தில் ஆலோசனை கேட்கக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, அதையும் ஆசிரியர்களுக்குச் சொல்லி வையுங்கள். மற்றதற்கெல்லாம் எங்களைக் கூப்பிடுங்கள். பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன்.

சுற்றறிக்கைக்கு நாள் ஆகும் என்றால், இப்போதைக்கு ஒரு சின்ன உதவி மட்டும் செய்யுங்கள். வரும் திங்கள்கிழமை பருவத் தேர்வு ஆரம்பிக்கிறது. பெயர் இல்லாத தாள் வந்தால் அது அவனுடையதுதான் என்று வகுப்பாசிரியையிடம் சொல்லிவையுங்கள். மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம், எல்லார் முன்னாலும் எழுப்பிக் கேட்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா