அமெரிக்க எல்எல்சி: சம்மன் வந்தால் யார் கையில் விழும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் பனியன், கரூர் மேசைவிரிப்பு, பொள்ளாச்சி தேங்காய்நார்க் கட்டி, ஈரோட்டு மஞ்சள்தூள் என்று நம் பக்கத்துச் சரக்கை அமெரிக்காவில் சில்லறைக்கு விற்பதற்காக அங்குள்ள டெலாவேர் மாநிலத்திலோ வயோமிங் மாநிலத்திலோ ஒரு எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி) பதிந்துகொள்ளும் சிறு தொழில்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். 800 டாலருக்கு உட்பட்ட பார்சல்களுக்கு இருந்த சுங்கவரி விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டது. அதனால் ஒவ்வொரு ஆர்டரையும் இங்கிருந்தே அனுப்பியவர்கள்கூட, சரக்கை மொத்தமாக இறக்கி விற்க அங்கே ஒரு கம்பெனி வேண்டுமா என்று யோசிக்கிறார்கள். கம்பெனி பதிந்து தருபவர்களிடம் பதிவுக் கட்டணம், வரி எண், வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றுக்கும் பேரம் பேசுகிறவர்கள், ரசீதின் அடியில் இருக்கும் ‘ரிஜிஸ்டர்டு ஏஜென்ட், முதல் வருடம் இலவசம்’ என்ற வரியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பின்னால் பெரும் செலவு வைக்கக்கூடிய வரி அதுதான். அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

ஏஜென்ட் என்றதும் பையிங் ஏஜென்ட், கிளியரிங் ஏஜென்ட் போல நமக்காக ஓடியாடி வேலை பார்ப்பவர் என்று இங்கே நினைப்பது இயல்பு. ரிஜிஸ்டர்டு ஏஜென்டின் வேலை மிகவும் குறுகியது. எல்எல்சி எந்த மாநிலத்தில் பதிவாகிறதோ அந்த மாநிலத்துக்குள், தெருப் பெயரும் கதவு எண்ணும் உள்ள ஒரு முகவரியில், வேலை நாட்களில் அலுவலக நேரத்தில் இருந்து, கம்பெனி பெயருக்கு வரும் கோர்ட் சம்மனையும் மாநில அரசின் நோட்டீஸையும் வாங்கி நமக்கு அனுப்பவேண்டும். அவ்வளவுதான். தபால் பெட்டி எண் செல்லாது. அரிசோனா, ஒஹாயோ படிவங்களில் இவருக்கு ஸ்டாட்யூட்டரி ஏஜென்ட் என்று பெயர். மிச்சிகன், மேரிலாந்தில் ரெசிடென்ட் ஏஜென்ட். பெயர் மாறினாலும் ஆள் ஒருவரே.

வேலை குறுகியது என்றாலும் விளைவு பெரியது. அவர் கையில் சம்மன் கொடுக்கப்பட்டால் கம்பெனிக்கே கொடுக்கப்பட்டதாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும். அது இங்கே வந்து சேர்ந்ததா, நாம் படித்தோமா என்று பார்க்காது. ஃபெடரல் கோர்ட் வழக்கென்றால் பதில் தாக்கல் செய்ய 21 நாள். கலிபோர்னியா மாநில கோர்ட்டில் 30 நாள். அதற்குள் அங்குள்ள ஒரு வக்கீலைப் பிடித்து, முன்பணம் அனுப்பி, தாள்களைத் தயார் செய்யவேண்டும். ஏஜென்ட் பத்து நாள் தூங்கினால் மிச்சம் இருப்பது ஒன்றரை வாரம். பதில் போகாவிட்டால் நம் தரப்பைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு அங்குள்ள வங்கிக் கணக்கில் கைவைக்கலாம். ‘நம்ம சின்ன யாவாரத்து மேல யார் கேஸ் போடப் போறாங்க’ என்ற நினைப்பு வேண்டாம். இன்னொருவரின் டிசைனோ பிராண்டு பெயரோ சட்டையில் வந்துவிட்டது, குழந்தைகளின் இரவு உடை தீப்பிடிக்கும் தன்மைச் சோதனைக்கு உட்படாமல் விற்கப்பட்டது, பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடியாதபடி இணையதளம் இருக்கிறது என்று பல காரணங்களுக்காக அங்கே சிறு விற்பனையாளர்கள் மேலும் வழக்குகள் வருகின்றன.

ஆகவே ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்கவேண்டியது, வந்த தாள் எத்தனை மணி நேரத்தில், யாருடைய கண்ணில் படும் என்பதுதான். விலை அப்புறம்.

நான் பார்த்தவரை அடிக்கடி தவறு நடக்கும் இடமும் இதுவே. கம்பெனியைப் பதிந்து கொடுத்த இடைத்தரகர், ஏஜென்டிடம் தன் மின்னஞ்சலையும் தன் செல்பேசி எண்ணையுமே கொடுத்து வைத்திருப்பார். டெலாவேர் சட்டப்படி ஒவ்வொரு எல்எல்சியும், தன் சார்பில் தகவல் பெற்றுக்கொள்ளும் ஒரு தனிநபரின் பெயர், தொழில் முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் ஏஜென்டிடம் கொடுத்து, மாறும்போதெல்லாம் திருத்தவேண்டும். அங்கே இருப்பது உரிமையாளர் பெயரா, தரகர் பெயரா? தரகர் கடையை மூடிவிட்டால், அல்லது அவரிடம் வேலை பார்த்த பையன் நின்றுவிட்டால், சம்மன் யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டியில் கிடக்கும். ஏஜென்ட் தன் கடமையைச் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் கணக்கு. எனவே ஏஜென்டின் இணையக் கணக்கு உரிமையாளரின் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். கடவுச்சொல் கைக்கு வரட்டும். ஓடிபி வரும் எண் சொந்த எண்ணாக, ரீசார்ஜ் தவறாத எண்ணாக இருக்கட்டும். இரண்டாவது ஆளாக வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவரைச் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

கூடவே ஒரு சின்ன விஷயம். டெலாவேரின் காலை 9 முதல் மாலை 5 வரை என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30 முதல் நள்ளிரவு தாண்டி 2.30 வரை, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அங்கே வெள்ளிக்கிழமை பிற்பகல் கொடுக்கப்படும் தாள் இங்கே சனிக்கிழமை விடியும் முன் வந்துகிடக்கும். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா சோலியில் அதைக் கவனிக்காமல் விட்டால் திங்கள் வந்துவிடும்.

உங்கள் ஏஜென்ட் யார் என்று தெரியாதவர்கள் இன்றே பார்த்துவிடலாம். டெலாவேர் மாநிலத்தின் கார்ப்பரேஷன் பிரிவு இணையதளத்தில் கம்பெனி பெயரைத் தட்டினால் ஏஜென்டின் பெயரும் முகவரியும் காசில்லாமல் கிடைக்கும். வயோமிங்கிலும் அப்படியே. அந்தப் பெயருக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். என் கம்பெனிக்குத் தொடர்பு நபராக உங்களிடம் யார் பெயர் இருக்கிறது, கோர்ட் தாள் வந்தால் அன்றே ஸ்கேன் செய்து அனுப்புவீர்களா, ஸ்கேனுக்குத் தனிக் கட்டணமா, அந்த முகவரி உங்கள் சொந்த அலுவலகமா, வேறொருவருக்கு வேலையைக் கைமாற்றிவிட்டிருக்கிறீர்களா, இரண்டாம் வருடம் எவ்வளவு, விலகினால் ஏதாவது பிடித்தம் உண்டா என்று கேளுங்கள். இரண்டு வேலை நாளில் ஒரு மனிதர் ஒழுங்காகப் பதில் எழுதினால் அந்த ஏஜென்டை வைத்துக்கொள்ளலாம். பதிலே இல்லையென்றால் சம்மனுக்கும் அதே கதிதான்.

கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு 50 டாலரிலிருந்து 300 டாலருக்குள் இருக்கும். 50 டாலர் ஏஜென்ட் மோசம், 300 டாலர் ஏஜென்ட் நல்லவர் என்று சொல்ல முடியாது. முதல் வருடம் இலவசமாகக் கொடுத்து, அடுத்த வருடம் முழுத் தொகை பிடிப்பது வழக்கம் என்பதால் இரண்டாம் வருட விலையையே விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் தானாகப் பிடிக்கப்படும் என்று நம்பி இருக்கவும் கூடாது. நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே திறந்து வைக்கவேண்டும். தொடர் பிடித்தத்துக்கு ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிகள் 2021 முதல் நடைமுறையில் உள்ளன. வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆட்டோ ரினியூவல் நம் கார்டில் தோற்றுப்போவது சாதாரணம். ஏஜென்ட் இரண்டு மூன்று முறை நினைவூட்டிவிட்டு ராஜினாமா செய்துவிடுவார். டெலாவேரில் அவர் ராஜினாமாவைத் தாக்கல் செய்த 30 நாளுக்குள் புதியவரை நியமிக்காவிட்டால் எல்எல்சியின் பதிவே ரத்தாகும். பல மாநிலங்களில் ஏஜென்ட் இல்லாத கம்பெனிக்கான சம்மனை மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வழக்கை மேலே நடத்தலாம். அதாவது, ஏஜென்ட் இல்லை என்பதால் வழக்கு நிற்காது. புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கையால் பணம் கட்டி ரசீதை எடுத்து வைப்பதே வழி.

சொந்தக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார், அவரையே போட்டுவிடலாமா என்ற கேள்வி நம் பக்கத்தில் அதிகம். மாமன் மகன் நியூ ஜெர்சியில் இருந்தால் நியூ ஜெர்சி எல்எல்சிக்குப் போடலாம்; டெலாவேர் எல்எல்சிக்கு ஆகாது. அதே மாநிலத்தில் இருந்தாலும் அவர் வீட்டு முகவரி பொதுப் பதிவேட்டில் ஏறும். பகலில் அவர் வேலைக்குப் போய்விடுவார், விடுமுறைக்கு ஊருக்கு வருவார், வாடகை வீடு மாறுவார். மாறிய முகவரியை மாநிலத்தில் உடனே திருத்தாவிட்டால் சம்மன் பழைய வீட்டுக்குத்தான் போகும். உறவு முறையில் கேட்ட உதவிக்கு இவ்வளவு கட்டுப்பாடு விதிக்கவும் முடியாது. காசு கொடுத்து வைத்த ஏஜென்டே மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

ஏஜென்டின் முகவரியைக் கம்பெனியின் தொழில் முகவரியாக எல்லா இடத்திலும் எழுதிவிடுவது இன்னொரு கோளாறு. பல ஏஜென்டுகள் கோர்ட் தாளும் மாநில அரசுத் தபாலும் தவிர மற்றதை வாங்குவதில்லை. திருப்பி அனுப்புவார்கள், அல்லது உறைக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். வரி எண் கேட்கும் எஸ்எஸ்-4 படிவத்தில் அந்த முகவரியைப் போட்டால் ஐஆர்எஸ் (அமெரிக்க வருமானவரித் துறை) கடிதம் அங்கே போய்த் திரும்பிவிடும். அந்தப் படிவத்தில் இந்திய முகவரியையே தபால் முகவரியாகத் தரலாம். அமெரிக்கத் தபால் முகவரி கட்டாயம் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு மெயில்பாக்ஸ் சேவை எடுக்கவேண்டும். அதற்கு அந்நாட்டுத் தபால்துறையின் 1583 படிவம் உண்டு. அங்கே சொந்தமாகக் கிடங்கு பிடித்தாலோ ஆள் வைத்தாலோ, கிடங்கு இருக்கும் மாநிலத்திலும் எல்எல்சியைப் பதிந்து அங்கும் ஓர் ஏஜென்டை வைக்கவேண்டி வரும்.

மஞ்சள்தூள், மசாலா அனுப்புகிறவர்கள் கவனிக்கவேண்டியது வேறு ஒன்று. உணவுப்பொருள் தயாரிக்கும் ஆலை, அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவில் பதியும்போது ‘யூஎஸ் ஏஜென்ட்’ ஒருவரைக் காட்டவேண்டும். அவரும் எல்எல்சியின் ரிஜிஸ்டர்டு ஏஜென்டும் ஒன்றல்ல. சட்டம் வேறு, பொறுப்பு வேறு. அந்த ஆலைப் பதிவை இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31க்குள் புதுப்பிக்கவேண்டும். ‘ஏஜென்ட் கட்டணம் கட்டியாச்சு’ என்று ஒன்றைக் கட்டி மற்றதை விட்டுவிடும் குழப்பம் நடக்கிறது.

வரி வேலையும் ஏஜென்டுடையது அல்ல. டெலாவேர் எல்எல்சி ஆண்டுதோறும் ஜூன் 1க்குள் 300 டாலர் கட்டவேண்டும். அதற்கான அறிவிப்பு ஏஜென்டுக்கு வரும், கட்டவேண்டியது நாம். தவறினால் அபராதம் 200 டாலர், மாதம் ஒன்றரை சதவீத வட்டி. வயோமிங்கில் ஆண்டறிக்கை கட்டணம் குறைந்தது 60 டாலர், பதிவான மாதத்தின் முதல் தேதியில். இந்தியர் ஒருவரே உரிமையாளராக உள்ள எல்எல்சி, உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் இடையிலான பரிவர்த்தனைகளைக் காட்டும் 5472 படிவத்தை ஐஆர்எஸ்ஸுக்கு 1120 முகப்புப் படிவத்துடன் ஏப்ரல் 15க்குள் அனுப்பவேண்டும். லாபம் இல்லை, வரி இல்லை என்றாலும், உரிமையாளர் போட்ட முதல் பணமே கணக்கில் காட்டவேண்டிய பரிவர்த்தனைதான். விட்டால் அபராதம் 25,000 டாலர். ஏஜென்ட் இதை நினைவூட்டக்கூட மாட்டார். இந்தியப் பக்கத்தில் மூலதனம் அனுப்புமுன் வங்கியில் ஃபார்ம் எஃப்சி என்ற வெளிநாட்டு முதலீட்டுப் படிவம், ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் செயல்பாட்டு அறிக்கை, வருமானவரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல். இவற்றை ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சில ஏஜென்டுகளும் தரகர்களும் இன்னமும் ‘பிஓஐ ரிப்போர்ட்’ (கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்ற அறிக்கை) என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் உருவான கம்பெனிகளுக்கு அந்தக் கடமையை, அந்நாட்டு நிதித்துறையின் பிரிவான ஃபின்சென் 2025 மார்ச்சில் நீக்கிவிட்டது. டெலாவேர், வயோமிங் எல்எல்சிக்கு அந்தப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பொதுப் பதிவேட்டில் பெயரைப் பார்த்து, அரசுக் கடிதம் மாதிரியே அச்சடித்துப் பணம் கேட்டு வரும் தபால்களும் உண்டு. நல்ல ஏஜென்டிடம் கேட்டால் எது அசல் என்று சொல்லிவிடுவார்.

ஏஜென்டை மாற்ற நினைப்பவர்கள் வரிசையை மாற்றிவிடக் கூடாது. முதலில் புதியவரிடம் பதிந்து அவர் சம்மதத்தைப் பெறவேண்டும். பிறகு மாநிலத்தில் மாற்றப் படிவம் தாக்கல் செய்து, முத்திரையிட்ட நகல் வாங்கவேண்டும். அது கைக்கு வந்தபின்தான் பழையவரை நிறுத்தலாம். புதியவருக்குப் பணம் கட்டியதாலேயே மாற்றம் நடந்துவிடாது. மாநிலப் பதிவேட்டில் பெயர் மாறும்வரை சம்மன் பழையவரிடமே போகும், அவர் பில்லும் ஏறிக்கொண்டே இருக்கும். வியாபாரம் சரிப்படவில்லை என்று எல்எல்சியை மூட நினைப்பவர்களும் ஏஜென்டுக்குப் பணம் கட்டாமல் விட்டால் தானாக மூடிவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். டெலாவேரில் பதிவு ரத்தாகாமல் இருந்து, ஆண்டு வரியையும் மூன்று வருடம் கட்டாமல் விட்டால் வரி 900 டாலர், அபராதம் 600 டாலர், வட்டி தனி. பாக்கியைக் கட்டி ரத்துச் சான்று தாக்கல் செய்தால்தான் முறையாக மூடியதாகும்.

நம் பகுதியில் எல்எல்சி பதிந்து தரும் ஆலோசகர்களுக்கும் பயிற்சி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரசீதில் ஏஜென்டின் முழுப் பெயர், முகவரி, அவரிடம் கொடுத்த தொடர்பு மின்னஞ்சல், இரண்டாம் ஆண்டுக் கட்டணம், புதுப்பிக்கும் தேதி ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். ஏற்றுமதியாளர் சங்கங்கள் தம் உறுப்பினர்களிடம், இவை எழுதாத ரசீதுக்குப் பணம் கட்டவேண்டாம் என்று சொல்லலாம். பணம் கட்டுமுன் வாடிக்கையாளரும் வாய்விட்டுக் கேட்கட்டும்: ‘ஏனுங்க, எங்க கம்பெனிக்கு அங்க ஏஜென்ட் யாருங்க?’

இப்படிக்கு,
ஏற்றுமதிக் கணக்குகள் பார்க்கும் வரி ஆலோசகர்,
திருப்பூர்.