மேடெல்லாம் குரோம்வெல் கட்டியதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் இங்கிலாந்துப் பயணக் கட்டுரை, டிவைசஸ் ஊருக்கு அருகிலுள்ள ‘ஆலிவர்ஸ் காசில்’ மண்கோட்டையை, பதினேழாம் நூற்றாண்டில் மன்னர் தரப்புக்கும் நாடாளுமன்றத் தரப்புக்கும் நடந்த உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றத் தரப்புத் தளபதி ஆலிவர் குரோம்வெல் எழுப்பினார் என்கிறது. அந்த ஊர் இருக்கும் வில்ட்ஷயரில் வசிப்பவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. அது இரும்புக் காலக் கோட்டை. குரோம்வெல் பிறந்தபோதே அதற்கு வயது ஆயிரத்தைந்நூறுக்கு மேல். 1643 ஜூலை 13 அன்று அதன் அருகே ரவுண்ட்வே டவுன் சண்டை நடந்தது உண்மைதான். ஆனால் அங்கே நாடாளுமன்றப் படையை நடத்தியவர் வில்லியம் வாலர். மன்னர் தரப்பு துரத்தியதில் அவருடைய குதிரை வீரர்கள் பலர் செங்குத்தான சரிவில் குதிரையோடு உருண்டு மாண்டார்கள். குரோம்வெல் அந்தச் சண்டையிலேயே இல்லை.

இங்கே கேட்பாரற்றுக் கிடக்கும் மேடுகளுக்கெல்லாம் அவர் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். பீரங்கி நின்ற இடம் என்று காட்டப்படுவது பழைய காற்றாலைத் திட்டாக இருக்கும். வீரர்களைப் புதைத்த இடம் என்று நம்பப்படுவது முயல் வளர்க்கக் கட்டிய நீள்கரையாக இருக்கும். அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளவும் முடியாது. டார்செஸ்டரின் மாம்பரி ரிங்ஸ் புதிய கற்காலத்து வட்டக்கரை; ரோமானியர் அதை அரங்கமாக்கினார்கள்; உள்நாட்டுப் போரில் அதுவே பீரங்கிக் கொத்தளம் ஆனது. 1908 முதல் 1913 வரை நடந்த அகழாய்வு இந்த மூன்று காலங்களையும் பிரித்துக் காட்டியது. நெவார்க்கில் உள்ள, அந்தப் போரின்போது கட்டிய குயின்ஸ் ஸ்கான்ஸ் மண்கோட்டை போல மூலைக்கு மூலை அம்புமுனைக் கொத்தளம் நீட்டிய நட்சத்திர வடிவம் என்றால் பார்த்தவுடனே காலம் சொல்லலாம். வெறும் கரையும் பள்ளமும் வாய் திறப்பதில்லை.

அப்படிப்பட்ட இடங்களில் சாட்சி சொல்வது சுற்றிலும் மண்ணில் கிடக்கும் ஈயக் குண்டுகள்தான். அக்காலத்துக் காலாட்படையின் நீள்துப்பாக்கியான மஸ்கட்டின் குண்டு ஒரு பவுண்டு ஈயத்துக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் வார்க்கப்பட்டது. குதிரை வீரர்களின் கைத்துப்பாக்கிக் குண்டு அதைவிடச் சிறியது. வெளுத்த சாம்பல் பூத்து, வார்ப்பு அச்சின் இணைப்புக் கோடு இன்னும் தெரிய, உருண்டையாகவே கிடந்தால் அது சுடாமல் தவறவிட்டதாக இருக்கலாம்; ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் எதிலோ மோதியது. எந்த அளவுக் குண்டு எங்கே, எத்தனை கிடந்தது என்று வரைபடத்தில் குறித்தால்தான் காலாட்படை நின்ற இடமும் குதிரைப்படை பாய்ந்த இடமும் பிடிபடும். அதே போரின் 1645 சண்டை நடந்த நேஸ்பி களத்தை இப்படித்தான் ஆராய்ந்தார்கள்.

ஆகவே, சந்தையில் ஈயக் குண்டு மலிவாகக் கிடைக்கிறது, நினைவுப் பொருளாக வாங்கலாம் என்று உங்கள் கட்டுரையாளர் சொல்லியிருப்பது என்னை மிகவும் வருத்துகிறது. கிடந்த இடம் தெரியாத குண்டு வெறும் ஈயம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றி உலோகங்காணி (மெட்டல் டிடெக்டர்) கொண்டு தேடுவதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மற்ற நிலங்களில் பெரும்பாலும் உரிமையாளர் சம்மதித்தால் போதும். சாதாரண ஈயக் குண்டு புதையல் சட்டத்துக்குள் வராததால் பதிவு செய்யும் கட்டாயமும் இல்லை. வாங்க ஆள் இருக்கும்வரை தோண்டிக்கொண்டே இருப்பார்கள்.

குரோம்வெல் பற்றிய திருத்தத்தோடு, அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெறுவதாகவும் அடுத்த இதழில் வெளியிடுங்கள். கோடை விடுமுறையில் இங்கே வரவிருக்கும் நம் வாசகர்கள் அதைப் பயணத்துக்கு முன்பே படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வில்ட்ஷயர் வாசகர்