மாட்டுக்காரருக்கு 26 நாள் லீவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த பின்லாந்து பயணக் கட்டுரையைப் படித்தேன். ஏரி, சௌனா என்கிற நீராவிக் குளியல், நடுராத்திரிச் சூரியன் எல்லாம் சரி. கட்டுரையாளர் பட்டிக்காட்டுப் பக்கம் போகவில்லை போலிருக்கிறது. போன ஜூலையில் அந்நாட்டுக் குவோப்பியோ நகரில் மகன் வீட்டில் இருந்தபோது நான் ஒரு நாள் முழுக்க அதைத்தான் சுற்றினேன். முப்பது வருஷம் பால் சங்கச் செயலாளராக இருந்தவனுக்கு வேறு என்ன பார்க்கத் தோன்றும்?

முதலில் ஒரு பால் பண்ணை. ஏறக்குறைய அறுபது கறவை. வேலைக்குப் புருஷன் பெண்சாதி இருவர்தான். கறப்பது ரோபோ. மாடு தானாக வந்து நிற்கிறது, தீவனம் விழுகிறது, இயந்திரக் கை காம்பைத் தேடிப் பிடித்துக் கழுவிக் கறக்கிறது. சற்று முன்புதான் கறந்துவிட்டுப் போன ஒரு மாடு தீவன ஆசையில் மறுபடி வந்தது. கழுத்துப் பட்டையை வைத்து அடையாளம் கண்ட இயந்திரம், ஒரு பிடிகூடப் போடாமல் கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆனால் என்னை அசத்தியது ரோபோ இல்லை. கன்றுகளுக்குப் பால் காட்டிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண். வீட்டுப் பெண் என்று நினைத்தேன். இல்லையாம், அவர் ‘லோமித்தயா’, அதாவது மாற்றாள். தம்பதி மறுநாள் ஒரு வாரம் வெளியூர் போகிறார்கள். மாடுகளைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே வந்திருக்கிறார். அந்த நாட்டில் கால்நடை வளர்ப்பதே பிழைப்பாக உள்ளவர்களுக்கு வருஷத்தில் 26 நாள் விடுமுறை சட்டப்படி உண்டு. அந்த நாட்களில் தொழுவத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வருவது அரசுச் செலவில். 1970களிலேயே தொடங்கிய ஏற்பாடு.

என் தங்கை கல்யாணம் வெளியூரில் நடந்தது. தாலி ஏறியதும் அப்பா பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறிவிட்டார். வீட்டில் இரண்டு கறவை. வேற்று ஆள் கை வைத்தால் ஒன்று உதைக்கும், இன்னொன்று பாலை அடக்கிக்கொள்ளும். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அங்கேயும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. 1995ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது முப்பதாயிரத்துக்கு மேல் இருந்த பால் பண்ணைகள் இன்று ஐயாயிரத்துக்கும் கீழே. லீவு கொடுத்தும் பிள்ளைகள் தொழுவத்துக்கு வர மாட்டேன் என்கிறார்கள். அது நமக்குத் தெரிந்த கதைதான்.

அப்புறம் சுவோனென்யோக்கி. ஸ்ட்ராபெரிக்குப் பேர்போன ஊர். அங்கே பழத்தை லிட்டர் கணக்கில் அளந்து விற்கிறார்கள், நம் ஊர்ச் சந்தையில் படியால் அளப்பதுபோல. பச்சைப் பட்டாணிக்கும் அதே அளவைதான். வாங்கியவர்கள் நின்ற இடத்திலேயே உரித்துப் பச்சையாகத் தின்கிறார்கள். திரும்பும் வழியில் ஒரு சின்ன பேக்கரியில் ‘கலக்குக்கோ’ வாங்கினோம். கம்பு மாவு நிறத்தில், உருண்டைக் கல் மாதிரி, ரை என்ற தானியத்தில் செய்த ஒரு ரொட்டி. மேலே வெட்டித் திறந்தால் உள்ளே பொடி மீனும் பன்றிக்கொழுப்பும். மணிக்கணக்கில் அடுப்பில் வெந்ததில் முள் இருந்த இடமே தெரியவில்லை. என் மனைவி வாசனைக்கே எழுந்து போய்விட்டாள். மிச்சத்தை நானே தின்றேன்.

26 நாள் வேண்டாம், நம் சங்க உறுப்பினர்களுக்கு வருஷத்துக்கு ஐந்து நாள் மாற்றாள் கொடுக்க முடியாதா? கறக்கத் தெரிந்து வேலையில்லாமல் இருப்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு ஒன்றியத்திலாவது முயன்று பார்க்கலாம். கறவைக்காரர்களிடம் கேட்டு நீங்கள் ஒரு கட்டுரை போடுங்கள். பேட்டிக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் சங்கத்திலேயே 140 பேர் இருக்கிறார்கள். சாயங்காலப் பால் ஊற்றி முடித்த பிறகு வந்தால் நின்று பேசுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால் சங்கச் செயலாளர்,
கோபிசெட்டிபாளையம்