ரைஃபிள் கிளப் செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவர், பொருளாளர், கோச்சுங்க, உறுப்பினர்கள், அப்புறம் பசங்கள கூட்டிட்டு வந்து வெளிய பெஞ்சுல மணிக்கணக்கா காத்துக்கிடக்குற பெத்தவங்க எல்லாருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்குமான அறிக்கை இது. வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பார், அதுல நான் கை வைக்கல. சங்கத்து பாஷையில எழுதினா பாதி பேரு தூங்கிடுறீங்க, அதனால பேசுற மாதிரியே எழுதியிருக்கேன், கமிட்டியும் சரின்னு சொல்லிடுச்சு.

வருஷம் ஆரம்பிச்சதே பூட்டோடதான். பார்லிமெண்ட் எலக்ஷன் மார்ச் 16ல அறிவிச்சாங்கல்ல, அன்னிக்கே நடத்தை விதி வந்துருச்சு, லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கவங்க ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைன்னு உத்தரவு. நம்ம மாநிலத்துல ஓட்டு ஏப்ரல் 19லயே முடிஞ்சாலும் ரிசல்ட் ஜூன் 4தான், அதுவரைக்கும் லைசென்ஸ் வேண்டிய பாயிண்ட் டூ டூ (0.22 இஞ்சு) துப்பாக்கி சுடுற லேன் பக்கம் யாரும் போகல. ஷூட்டிங் வீரர்களுக்கு விலக்கு கேக்கலாம், ஆனா அது தானா வீடு தேடி வராது, போட்டி சர்ட்டிஃபிகேட், அசோசியேஷன் கார்டு எல்லாம் வச்சு முன்கூட்டியே மனு கொடுக்கணும், எலக்ஷன் அறிவிச்ச பிறகு ஓடினா கூட்டத்துல நிக்க வேண்டியதுதான். அடுத்த எலக்ஷனுக்கு இப்பவே பேப்பரெல்லாம் எடுத்து ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. காத்தழுத்தத்துல சுடுற ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டலுக்கு இந்தத் தொல்லை இல்ல, பாயிண்ட் ஒன் செவன் செவன் போர் (குழல் துளையோட அளவு), 20 ஜூலுக்குள்ள சக்தி, லைசென்ஸ் வேணாம், அதனால 10 மீட்டர் லேன் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

அடுத்து பாரிஸ். ஜூலை 28ஆம் தேதி மனு பாக்கர் ஏர் பிஸ்டல்ல வெண்கலம் அடிச்சாங்க, வெறும் 0.1 பாயிண்ட்ல வெள்ளிக்கான வாய்ப்பு போச்சு, ரெண்டு நாள் கழிச்சு சரப்ஜோத் சிங்கோட சேந்து மிக்ஸட் டீம்ல இன்னொரு வெண்கலம், ஆகஸ்ட் 1ல ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிள் த்ரீ பொசிஷன்ல (மண்டி போட்டு, படுத்து, நின்னு சுடுறது) இன்னொரு வெண்கலம். நம்ம பக்கத்துல இருந்து புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் ட்ராப்ல, அதாவது பறக்குற களிமண் தட்ட சுடுற போட்டியில, இறங்கினார், கடலூர்ல பிறந்து குஜராத்துல வளந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிள்ல 10வது வந்தாங்க, ஃபைனலுக்கு 8 பேரத்தான் எடுப்பாங்க. அந்த வாரத்துல இருந்து என் போன் ஓயவே இல்ல. எல்லாருக்கும் ஒரே கேள்வி, எத்தன மாசத்துல மெடல் வரும். அதுலயும் அந்த துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் ஒரு டீ ஷர்ட்டும் மூக்குக்கண்ணாடியுமா ஒரு கைய பாக்கெட்ல விட்டுக்கிட்டு வெள்ளி வாங்கினது வைரல் ஆச்சா, வந்த பசங்க பாதிப் பேரு மொத நாளே கைய பாக்கெட்ல விட்டுக்கிட்டு நிக்குறாங்க. தம்பி, அவருக்கு அப்ப 51 வயசு, எத்தனையோ ஒலிம்பிக் பாத்துட்டு வந்தவரு, பிஸ்டல்காரங்க எல்லாருமே சும்மா இருக்குற கைய பாக்கெட்லயோ பெல்ட்லயோ சொருகித்தான் வைப்பாங்க, உடம்பு ஆடாம இருக்கத்தான், ஸ்டைலுக்கு இல்லன்னு சொல்லிச் சொல்லி கோச்சுக்கு தொண்டை வத்திருச்சு.

இந்தக் கூட்டம் வந்ததாலதான் இந்த வருஷத்தோட பெரிய முடிவ எடுத்தோம். புதுசா சேருற யாருக்கும் மொத மாசம் பெல்லட் (ஏர்கன்ல போடுற ஈயக் குண்டு) கிடையாது. வெறும் துப்பாக்கி, ட்ரை ஃபயர், அதாவது குண்டு இல்லாம ட்ரிகர அழுத்திப் பழகுறது மட்டும். இதுக்கு வந்த சண்டை கொஞ்சநஞ்சம் இல்ல, "ஃபீஸ் வாங்கிட்டு எம்புள்ளய சுடவே விடமாட்டேங்குறீங்க"ன்னு ஒரு அப்பா ஆபீஸ்ல வந்து மேஜைய தட்டினார். அவருக்கு சொன்ன பதில எல்லாருக்கும் சொல்லிடுறேன். 10 மீட்டர் ரைஃபிள் கார்டுல, அதாவது டார்கெட் அட்டையில, நடுவுல இருக்குற பத்துங்கறது அரை மில்லிமீட்டர் புள்ளி, பெல்லட்டே 4.5 மில்லிமீட்டர், ட்ரிகர வெடுக்குன்னு இழுத்தா குழல் நுனி கொஞ்சமே கொஞ்சம் நகந்தாலும் அங்க கார்டுல ஏழுக்குப் போயிரும். பெல்லட் போட்டு சுட்டா பையன் கண்ணு கார்டு மேலயே இருக்கும், எங்க பட்டுச்சுன்னு பாக்குற அவசரத்துல ட்ரிகர அடிப்பான், அந்தப் பழக்கம் ஒருதடவ ஒட்டிக்கிட்டா கழட்டுறது பெரும்பாடு. பெல்லட் இல்லன்னா பாக்க ஒண்ணுமில்ல, அப்பத்தான் சைட்டு (குறி பாக்குற பாகம்) ஆடுதா, மூச்சு எங்க நிக்குது, விரல் நேரா பின்னால வருதான்னு கவனிப்பான். போட்டியில 60 ஷாட்டுக்கு 75 நிமிஷம் தர்றாங்க, எலக்ட்ரானிக் டார்கெட்ல, அவ்வளவு நேரம் ஆடாம நிக்குறதுக்கு காலும் இடுப்பும் பழகணுமா இல்லையா. அந்த அப்பாவ ஒரு பத்து நிமிஷம் ரைஃபிள தூக்கிட்டு நிக்கச் சொன்னோம், அப்புறம் அவரே டீ வாங்கிக் கொடுத்துட்டுப் போனார்.

அதே மாசத்துலதான் பாதுகாப்பு பாடமும். குழல் எப்பவும் டார்கெட் பக்கம், சைட்டு பாக்குற வரைக்கும் ட்ரிகர்ல விரல் கூடாது, சுடாத நேரத்துல ஆரஞ்சு சேஃப்டி ஃப்ளாக் (உள்ள குண்டு இல்லன்னு காட்டுற கம்பி) குழல்ல இருக்கணும், ரேஞ்ச் ஆபீசர் ஸ்டாப்னு சொன்னா பாதி மூச்சுல இருந்தாலும் இறக்கிடணும். 12 வயசுல இருந்து பயிற்சிக்கு சேக்கலாம், ஆனா பெரியவங்க பக்கத்துல நேரடியா நிக்கணும், சொந்தமா லைசென்ஸுக்கு 21 ஆகணும், சட்டமே அப்படித்தான், நம்ம கிளப் கெடுபிடி இல்ல. ஒரு உறுப்பினர் தன் விருந்தாளிய கூட்டிட்டு வந்து ஃப்ளாக்க கழட்டி கேமராவ பாத்து துப்பாக்கிய நீட்டி செல்ஃபி எடுக்க விட்டார். காலித் துப்பாக்கிதானேன்னு ஒரு சமாதானம் வேற. மூணு மாசம் சஸ்பெண்ட், கமிட்டியில ஒருத்தர்கூட எதிர்க்கல. பேர் சொல்லல, அவரும் இங்கதான் உக்காந்துருக்காரு.

ஈயத்தப் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா யாரும் காதுல போட்டுக்கறதே இல்ல. நம்ம பெல்லட்டெல்லாம் ஈயம். எடுத்துப் போடுற விரல்ல ஒட்டும், டார்கெட் பெட்டியில மோதி தூளாகும், அது கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கையோட ஃபையரிங் லைன்லயே வடை தின்னா நேரா வயித்துக்குள்ள, வளர்ற பசங்க மூளைக்கும் நரம்புக்கும் அது ஆகவே ஆகாது. இனிமே லேனுக்குள்ள டீ, வடை, தண்ணி பாட்டில் எதுவும் கிடையாது, வெளிய போகும்போது சோப்பு போட்டு கை கழுவணும், வாய்ல பெல்லட்ட கவ்வி வச்சுக்கிட்டு லோட் பண்ற பழக்கம் சில பெரியவங்களுக்கே இருக்கு, தயவுசெஞ்சு விட்டுருங்க. துடைப்பம் போட்டு பெருக்குறதையும் நிறுத்தியாச்சு, தூசி பறந்து மூக்குல ஏறுது, ஈரத்துணிதான். பெட்டியில சேந்த ஈயத்த எடைக்குப் போட்ட காசுல கை கழுவுற தொட்டி ஒண்ணு கட்டினோம், அதுல குழாய் சொட்டுதுன்னு தெரியும், ப்ளம்பர் வர்றேன்னு சொல்லியிருக்கார்.

அடுத்து ஏர் ரைஃபிளுக்கும் பிஸ்டலுக்கும் காத்து அடைச்சு வைக்கிற ஏர் சிலிண்டர் விஷயம். 200 பார் அழுத்தம் தாங்குற சாமான் அது, தேதி மேலயே அடிச்சிருக்கும், 10 வருஷம் தாண்டினா தலைமுழுகிடணும். செக் பண்ணினப்ப கிளப் சிலிண்டர்லயே பழசு இருந்துச்சு, ஓட்ட போட்டு ஸ்க்ராப்புக்கு அனுப்பியாச்சு. "நல்லாத்தான் இருக்கு"ன்னு வீட்ல இருந்து கொண்டு வர்ற சொந்த சிலிண்டரையும் தேதி பாக்காம நிரப்பமாட்டோம், போட்டியில எக்விப்மெண்ட் கண்ட்ரோல்லயும் (சாமான் சோதனை) நிறுத்துவாங்க, அங்க போய் பேயறைஞ்ச மாதிரி நிக்குறதுக்கு இங்கயே மாத்திக்கலாம்.

மாநிலப் போட்டிக்கு பசங்க போயிட்டு வந்தாங்க, அடுத்த கட்டத்துக்கு தேறினவங்க பேரும் ஸ்கோரும் நோட்டீஸ் போர்டுல இருக்கு. பிஸ்டல் பசங்க போன வருஷத்தவிட நல்லா பண்ணினாங்க, ரைஃபிள்ல சுமார்தான். காரணம் வெயில்னு நான் நெனைக்கிறேன், மே மாசத்துல ரைஃபிள்காரங்க போடுற அந்த கெட்டி கேன்வாஸ் ஜாக்கெட்டும் பேண்ட்டும் மாட்டிக்கிட்டு தகர ஷெட்டுக்குள்ள நின்னா அரைமணி நேரத்துல வேர்வை கண்ணுல வழியுது, பாதிப் பேரு ஜாக்கெட் போடாமயே ப்ராக்டிஸ் பண்ணிட்டு போட்டி அன்னிக்கு மட்டும் போட்டாங்க, பொசிஷனே மாறிப்போச்சு. கூரைக்கு உள்பக்கம் தெர்மோகோல் ஷீட் அடிக்க கொட்டேஷன் வாங்கியிருக்கோம், டார்கெட் லைட்டும் மங்கலா இருக்கு, 1500 லக்ஸ் (வெளிச்சத்தோட அளவு) வேணும், நம்மளது அதுக்கு ரொம்பக் கீழ.

ஆன்லைன்ல ஏர்கன் வாங்கி கொடுத்துட்டு பையன் மாடியில இருந்து மைனாவ அடிக்கிறான்னு பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம கிளப்புக்கு போன் பண்றாங்க. அந்தப் பையன் நம்ம உறுப்பினர் இல்ல, இருந்தாலும் சொல்றேன், லைசென்ஸ் வேணாங்கறதுக்கு எத வேணா சுடலாம்னு அர்த்தம் இல்ல, 1972 வனவிலங்கு சட்டம் இருக்கு. நம்ம உறுப்பினர் யாராச்சும் செஞ்சா அன்னிக்கே வெளிய.

கத்தி செய்யுற நம்ம ஞாயித்துக்கிழமை நண்பர்கள் கிளப் பின்பக்க ஷெட்டக் கேட்டாங்க, கமிட்டி தரல. லாரி ஸ்ப்ரிங் பட்டைய காய வச்சு கிரைண்டர்ல தீப்பொறி பறக்க தேய்க்கிற எடம், காத்து கம்ப்ரெஸரும் சிலிண்டரும் இருக்குற எடத்துக்குப் பக்கத்துல வேணாம். இப்ப ஒரு உறுப்பினரோட பட்டறையில நடக்குது, போய்ப் பாத்தேன், காந்தம் ஒட்டாத அளவுக்கு பழுக்கக் காய வச்சு, அதுக்கும் கொஞ்சம் மேல சூடேத்தி சூடான எண்ணெயில முக்குறாங்க, அப்புறம் ஓவன்ல 200 டிகிரி வாக்குல வச்சு வைக்கோல் நெறம் வந்ததும் எடுக்குறாங்க, இல்லன்னா கண்ணாடி மாதிரி ஒடிஞ்சிருமாம். சமையல் கத்தி, தோட்டக் கத்தி வரைக்கும் சரி. 9 இஞ்சு நீளத்துக்கோ 2 இஞ்சு அகலத்துக்கோ மேல போய், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ இல்லாத கத்தின்னா அது ஆயுத விதிகள்ல வந்துரும், ஆசைக்கு வாள் அடிச்சு ஃபோட்டோ போட்டு கிளப் பேர டேக் பண்ணாதீங்க.

கடைசியா ரெண்டு விஷயம். கூரை வேலைக்கும் லைட்டுக்கும் சந்தா ஏத்தலாமா, நன்கொடை வாங்கலாமான்னு இன்னிக்கு பேசி முடிவு பண்ணணும், என் ஓட்டு சந்தாவுக்கு, நன்கொடை கொடுத்தவர் அப்புறம் தன் மருமகனுக்கு மொத மாசமே பெல்லட் கொடுன்னு வந்து நிப்பார். போட்டிக்கு போறேன்னு லாக்கர் சாவிய வாங்கிட்டு போனவங்க வீட்ல தேடிப் பாருங்க, ரெண்டு சாவி இன்னும் வரல.